மின்கம்பியும் காட்டுத் தீயும்

வேனிற்கால நண்பகலில், காட்டோரமாகச் செல்லும் மின்கம்பித் தொடர் ஒன்றை அண்ணாந்து பார்ப்போமாயின், விடியற்காலையில் கண்டதைவிடக் கம்பி தாழ்ந்து தொங்குவதை உணரலாம். வெயிலின் வெப்பமும், கம்பியில் ஓடும் மின்சாரம் உண்டாக்கும் வெப்பமும் சேர்ந்து உலோகத்தை நீளச் செய்கின்றன. கம்பங்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. ஆகவே நீண்ட கம்பி தொய்ந்தே தீரும். மார்கழிக் காலையில் கிளைக்கும் கம்பிக்கும் போதிய இடைவெளி உண்டு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் சென்றவர், சித்திரை நண்பகலில் காற்றும் வீசும்போது அதே இடத்தைக் கண்டால் திகைப்படைவார். கம்பி தாழ்வது மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் ஊசலாடும். அளக்க வேண்டியது கம்பி இருக்கும் இடத்தை அன்று. அது போகக்கூடிய இடத்தை.

நம் நாட்டுக் காட்டுத் தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையினால் மூள்பவை. மின்கம்பியினால் உண்டாகும் தீ எண்ணிக்கையில் சிறிதே. எனினும் அதற்கொரு தனிக் கொடுமை உண்டு. மாடு மேய்ப்போர் வைக்கும் தீ எந்த நாளிலும் மூளலாம். கம்பியைச் சாய்ப்பதும், கிளையை முறித்து அதன்மேல் வீழ்த்துவதும் பெருங்காற்றேயாதலால், கம்பித் தீ பெரும்பாலும் காற்று மிகுந்த நாளையே தேர்ந்து மூள்கிறது. அடக்க இயலாத நாளில், ஒரே வேளையில் பல இடங்களில் பிறக்கும் தீ அது.

இதற்குச் சான்றாக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7-ஆம் நாள் நிகழ்ந்ததைக் கூறலாம். அன்று மெல்போர்ன் நகரில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியஸை எட்டியது. அன்று மூண்ட தீக்களில் 173 பேர் மாண்டனர். பெருந்தீக்கள் 11-இல் 5 மின்சாரச் சாதனங்களின் பழுதினால் உண்டானவை என்று பின்னர் விசாரணைக் கமிஷன் கண்டது. அவற்றுள் கில்மோர் கிழக்கு என்னுமிடத்தில் முற்பகல் மூண்ட தீ ஒன்றே 119 உயிர்களைக் கொண்டது.

அத்தீயின் பிறப்பிடம் ஒரு கிராமப்புறத் தொடர். 12.7 கிலோவோல்ட் அழுத்தமுள்ள ஒரே கம்பி. மின்னோட்டம் திரும்பிவரும் வழி பூமியே. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இடைத்தூரம் ஒன்றில் கம்பி அறுந்தது. அறுந்த கம்பி, கம்பத்தைத் தாங்கி நின்ற ஸ்டே கம்பியின்மீது உராய்ந்து பொறி கக்க, அடியிலிருந்த புல் பற்றிக்கொண்டது. அறுந்த காரணம் அன்றைய காற்று மட்டும் அன்று. கம்பி முடியுமிடத்தில், அதைப் பற்றி நிற்கும் சுருள்பிடி தன் வளையத்தில் சரியாக அமராமல் இருந்தது. கம்பி அதிரும்போதெல்லாம் அதன் இழைகள் அவ்விடத்தில் வளைந்து நிமிர்ந்து களைத்துப்போயின. முந்திய பரிசோதனையில் அப்பிழை எவர் கண்ணிலும் படவில்லை.

உலோகக் களைப்பு என்பதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். காகிதங்களைக் கோக்கும் கம்பி ஊக்கு ஒன்றை நிமிர்த்தி, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைக்கச் சொன்னால் போதும். ஒரு முறை வளைப்பதால் ஒன்றும் நேராது. பல முறை வளைத்தபின் சிறிதும் வலிமை செலுத்தாமலே அது இரண்டாகும். மாணவர் வியக்கும் செய்தி வேறொன்றும் உண்டு. கம்பியை நுண்ணிதாக அதிரச் செய்து களைப்பேற்றுவது புயற்காற்று அன்று. சீராக வீசும் இளங்காற்று. தென்றல் ஆண்டுக்கணக்கில் செய்துவைத்த வேலையைப் பெருங்காற்று ஒரு நாளில் முடித்துவைக்கிறது. நீண்ட இடைத்தூரக் கம்பிகளில், கம்பத்துக்கருகே, இரு முனையிலும் குண்டுடைய சிறு பொருள் ஒன்று தொங்குவதைப் பலர் பார்த்திருப்பர். அதிர்வை விழுங்குவதற்காகத் தொங்கவிடப்பட்ட தணிப்பான் அது. 300 மீட்டருக்கு மேற்பட்ட இடைத்தூரங்களில் அதைப் பொருத்துமாறும், தீ அபாயமுள்ள பகுதிகளில் மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் தொடரைச் சோதிக்குமாறும் அக்கமிஷன் பரிந்துரைத்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2018 நவம்பர் 8-ஆம் நாள் பாரடைஸ் என்னும் ஊரை அழித்து, 85 பேரைப் பலிகொண்ட தீக்கும் மூலம் இத்தகைய ஓர் அற்பப் பொருளே. 1921-ஆம் ஆண்டில் எழுந்த 115 கிலோவோல்ட் தொடரின் கோபுரம் ஒன்றில், இன்சுலேட்டர் சரத்தைத் தாங்கிய இரும்புக் கொக்கி, காற்றில் ஆடி ஆடித் தேய்ந்து அற்றுப்போயிற்று. அங்கே மரம் வெட்டி இடைவெளி காப்பதற்குச் சட்டம் உண்டு. ஆனால் கொக்கியின் தேய்மானத்தை எந்த அரிவாளும் தடுக்க இயலாது. கம்பித் தொடரின் தீத்தடுப்பு என்றால் மரம் வெட்டுதல் என்று கருதும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அது பாதி வேலைதான்.

கம்பி அறுந்தால் பியூஸ் போய்விடும், பிறகு அபாயமில்லை என்று எண்ணுவோரும் உளர். உலர்ந்த மண்ணும் காய்ந்த புல்லும் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அவற்றின்மேல் விழுந்த கம்பியில் சில ஆம்பியர் மட்டுமே ஓடலாம். பியூஸுக்கு அது சாதாரண உபயோகமாகவே தோன்றும். பூமி வழியே மின்னோட்டம் திரும்பும் ஒற்றைக் கம்பி முறையிலோ, பழுதையும் பயனையும் பிரித்தறிவது இன்னும் கடினம். ஆனால் புல்லைப் பற்றவைக்க அந்தச் சில ஆம்பியரே போதும். இரு கம்பிகள் மோதும்போது சிதறும் பொறிகளிலும் வேற்றுமை உண்டு. செம்புத் துளி விழும்போதே குளிர்ந்துவிடும். அலுமினியத் துளியோ காற்றில் எரிந்துகொண்டே வீழும். நம் கிராமத் தொடர்களில் பெரும்பாலானவை அலுமினியக் கம்பிகளே என்பது நினைவிலிருக்கட்டும்.

பழுது நேர்ந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, சில நொடிகளில் தானே மீண்டும் இணைக்கும் விசைகள் பல தொடர்களில் உள்ளன. பழுதுகளில் பல கணநேரத்தன. ஒரு பறவையோ கிளையோ பட்டு விலகியிருக்கும். ஆதலின் இவ்விசை நற்பணியே செய்கிறது, மழைக்காலத்தில். காய்ந்த புல்லின்மேல் கிடக்கும் கம்பிக்கு மீண்டும் உயிரூட்டுவது நெருப்பை இரண்டாம் முறை உரசுவதாகும். அதனால்தான் விக்டோரியாக் கமிஷன், ஒற்றைக் கம்பித் தொடர்களில் ஆண்டுதோறும் அபாயம் மிகுந்த ஆறு வாரங்களுக்கு இவ்விணைப்பை நிறுத்திவைக்குமாறு கூறியது. புதிய சாதனம் வாங்க வேண்டியதில்லை. விசையின் அமைப்பை மாற்றினால் போதும்.

விலையுயர்ந்த உபாயமும் ஒன்று உண்டு. 1916-இல் ஜெர்மனியில் பீட்டர்சன் கண்ட சுருளின் வழிவந்த கருவியைத் துணை நிலையத்தில் அமைத்தால், மூன்று கம்பிகளுள் ஒன்று பூமியைத் தொட்டதும் அக்கம்பியின் அழுத்தத்தை அது வீழ்த்திவிடும். விக்டோரியாவின் 22 கிலோவோல்ட் தொடர்களுக்கு விதித்த அளவுப்படி, மெல்லிய பழுதாயினும் 85 மில்லி விநாடிக்குள் 1,900 வோல்ட்டுக்கும், இரண்டு விநாடிக்குள் 250 வோல்ட்டுக்கும் அழுத்தம் இறங்க வேண்டும். ஆயினும் இரு கம்பிகள் ஒன்றோடொன்று மோதும் பழுதை இது தடுக்காது. ஒற்றைக் கம்பித் தொடரையும் காக்காது.

இனி, காற்று மிகுந்த நாளில் முன்னதாகவே மின்சாரத்தை நிறுத்திவிடலாமே எனலாம். கலிபோர்னியாவில் 2019 அக்டோபரில் அவ்வாறே செய்தனர். லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. மூச்சுக் கருவியை நம்பிய நோயாளிகள் இடருற்றனர். தீயணைக்க வேண்டிய நீர்ப் பம்புகளும், எச்சரிக்கை தரவேண்டிய தொலைபேசிகளும் மின்சாரத்தையே நம்பியிருந்தன. நிறுத்துவது தவறு என்பது என் கருத்தன்று. நிறுத்தினால் எந்தப் பம்பு நிற்கும், எந்த வீட்டில் நோயாளி உள்ளார் என்னும் பட்டியல் கோடை தொடங்குமுன்பே ஊழியர் கையில் இருத்தல் வேண்டும். இல்லையேல் நிறுத்தும் தைரியம் எவருக்கும் வராது. பஞ்சாபில் கோதுமை அறுவடைக் காலத்தில் தொய்ந்த கம்பிகளைப் பற்றித் தெரிவிக்குமாறும், டிரான்ஸ்பார்மரைச் சுற்றியுள்ள பயிரை முதலில் அறுத்துவிடுமாறும் விவசாயிகளை வேண்டுவது இவ்வகையில் எளிய, நல்ல ஏற்பாடு.

நம் காடுகளின் நிலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயரழுத்தத் தொடர்களுக்கென வன நிலத்தில் ஒதுக்கும் பாதையின் அகலம், 132 கிலோவோல்ட்டுக்கு 27 மீட்டர், 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர் என்று நெறிமுறைகள் வகுத்தன. நன்கு பேணினால் இப்பாதையே தீத்தடுப்புக் கோடாகும். பேணாவிடின், மர நிழல் நீங்கிய அந்நிலத்தில் புல்லும் உண்ணிச்செடியும் மண்டி, காட்டின் நடுவே ஒரு நீண்ட வெடிமருந்துத் திரிபோல் கிடக்கும். வெட்டிய கிளைகளை அங்கேயே விட்டுவிட்டு, வெட்டிய மரங்களின் தொகையை மட்டும் பதிவு செய்து திரும்பும் ஒப்பந்தக்காரர், அபாயத்தைக் கம்பியிலிருந்து தரைக்கு இறக்கிவைக்கிறார். கழிவை அகற்றும் கூலியையும் மதிப்பீட்டிலேயே சேர்த்தால்தான் இது தீரும்.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு அறிவித்து வருகிறது. செயற்கைக்கோள் தீயைக் காண்கிறது. அது பிறந்த கம்பத்தைக் காண்பதில்லை. அதை அறியக்கூடியவர் முதலில் அங்கே சேரும் வனக் காவலரே. தொடருக்கருகே தீ மூண்டிருந்தால், கம்பத்தின் எண், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்க. கீழே கிடக்கும் கம்பி உயிரற்றது என்று மின்வாரியத்தார் உறுதி கூறும்வரை எவரையும் அணுகவிட வேண்டாம். அதன்பின் கம்பத்தின் அடியில் உருகி உறைந்த உலோக மணிகள், அற்ற கொக்கி, கருகிய கிளை நுனி ஆகியவை கிடைத்தால், அவற்றைக் கிடந்த இடத்திலேயே வைத்துப் படமெடுத்துக்கொள்க. தீயணைத்த பின் அவ்விடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்ய ஒருவரையும் அனுமதிக்க வேண்டாம்.