மொட்டைமாடி ஒழுகினால் செலவு யார் தலையில்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருந்துகொண்டு திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ ஃப்ளாட் வாங்கிப் போட்டிருக்கிறீர்களா? மழை ஓய்ந்ததும் அசோசியேஷனிடமிருந்து இப்படி ஒரு நோட்டீஸ் வரலாம்: ‘மொட்டைமாடிக் கசிவு, வெளிச்சுவர்ப் பூச்சு. வீட்டுக்கு ரூ.40,000. பதினைந்து நாளில் கட்டவும்.’ எத்தனை சதுர அடி வேலை, எந்தக் காண்டிராக்டர், எத்தனை கொட்டேஷன் வாங்கினார்கள் என்று ஒரு வரி இருக்காது. அதைப் பார்த்துப் பேசாமல் பணம் கட்டுவதும் தவறு, கோபத்தில் மெயின்டனன்ஸையே நிறுத்திவிடுவதும் தவறு.

முதலில் பார்க்க வேண்டியது சாவி கைக்கு வந்த தேதி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 14(3)-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து, அதை பில்டரிடம் சொன்னால், 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மூன்றாம் வருடமே மாடி ஒழுகினால் அது பெரும்பாலும் கட்டியவர் கணக்கு. அதைக் குடியிருப்பவர்கள் தலையில் பங்குபோடுவது அநியாயம்.

கொச்சியில் ராணுவ வீட்டுவசதி அமைப்பு கட்டிய சந்தர் குஞ்ச் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். 2018-இல் ஒப்படைத்த கட்டடம். கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. குடியிருந்தவர்கள் விடாமல் வழக்காடினார்கள். 208 வீடுகள் கொண்ட இரண்டு கோபுரங்களை இடித்து, அந்த அமைப்பே திரும்பக் கட்டித் தரவும், அதுவரை மாத வாடகை கொடுக்கவும் 2025 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஐந்தாண்டு தாண்டிவிட்டால் பொதுப் பகுதிச் செலவு உரிமையாளர்கள் எல்லாருடையதும்தான். அப்போதும் கணக்குக் கேட்கலாம். பொதுக்குழுத் தீர்மானம், கொட்டேஷன், பில், உங்கள் பங்கை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விவரம், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அசோசியேஷன் பைலாவை ஒருமுறை படித்துவிடுங்கள். வேலை தொடங்கும் முன் ஒழுகும் இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பூசி மறைத்த பிறகு காரணத்தை உறுதியாகச் சொல்வது இன்ஜினீயருக்கும் கடினம். ரசீதில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதையும் பாருங்கள். மாதக் கட்டணம் ரூ.7,500-ஐத் தாண்டினால்தான் அசோசியேஷன் அந்த வரியை வசூலிக்கலாம்.

தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிடுங்கள். மீதியை ஏன் ஏற்கவில்லை என்று ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். மெயின்டனன்ஸ் கட்டுவது வாங்கியவரின் கடமை என்றும், தாமதித்தால் வட்டி உண்டு என்றும் அதே ரெரா சட்டம் சொல்கிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வழி வேறு. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் செய்யாவிட்டால், நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் எங்கே? எல்லையோர மக்கள் குழம்புவது இங்கேதான். ரெரா என்றால் கட்டடம் நிற்கும் மாநிலம்: திருவனந்தபுரத்து ஃப்ளாட்டுக்குக் கேரள ரெரா, நாகர்கோவில் ஃப்ளாட்டுக்குத் தமிழ்நாடு ரெரா. நுகர்வோர் ஆணையம் அப்படியல்ல. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; பாறசாலைக்காரர் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டினால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அசோசியேஷனோடு மட்டும் சச்சரவு என்றால் நெய்யாற்றின்கரை தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது.

மலையாளத்தில் எழுத வராது என்று தயங்குபவர்கள் நம் ஊர்களில் உண்டு. குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரியிடம் கொடுக்க அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள்.

உங்கள் ஃப்ளாட்டுக்கு இது நாலாவது வருடமாக இருந்தால் இந்த வாரமே பில்டருக்குக் கடிதம் போடுங்கள். ஐந்து வருடம் முடிந்த மறுநாள் அந்தக் கடிதத்துக்கு இதே பலம் இருக்காது.