எந்த நாடா நிலைத்தது?

என் வீட்டு அலமாரியில் ஒரு கறுப்பு நாடாப் பேழை இருக்கிறது. 1986இல் நடந்த என் தமக்கையின் திருமணம் அதனுள் சுருண்டு கிடக்கிறது. அதனை ஓட்டிக் காட்டும் பொறி இன்று என்னிடம் இல்லை. அவ்வகைப் பொறிகளைக் கடைசி வரை செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனமும் 2016ஆம் ஆண்டில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. அப்பேழையைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. வீட்டிலிருந்து படம் பார்க்கும் புது முறை ஒன்று வரும்போது, மக்கள் அதனை எதனால் ஏற்கிறார்கள், எதனால் தள்ளுகிறார்கள்? மாணவர்களாகிய உங்களிற் சிலர் நாளை புதுப் பொருள்களை ஆக்கப்போகிறவர்கள், எல்லோருமே வாங்கப்போகிறவர்கள். ஆதலின் இதனைச் சற்று ஆராய்வோம்.

1975இல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்ற பதிவுப் பொறியை ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்து, வேண்டிய பொழுதில் பார்க்கலாம் என்பது அதன் பெருமை. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். வந்தது. இரண்டிலும் நாடாவின் அகலம் அரை அங்குலந்தான். எனினும் ஒன்றின் பேழை மற்றொன்றின் வாயில் நுழையாது. வாங்குகிறவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தவறித் தேர்ந்தால் பொறியும் வீண், சேர்த்துவைத்த நாடாக்களும் வீண்.

பீட்டாவின் படம் சற்றே தெளிவானது, பேழையும் சிறியது. ஆயின் தொடக்கத்தில் அதன் நாடா ஒரு மணி நேரமே ஓடியது. வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு திரைப்படத்தை ஒரே நாடாவில் அடக்க இரண்டு மணி நேரமேனும் வேண்டுமல்லவா? 1977இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்ற வி.எச்.எஸ். பொறியோ, நாடாவை மெதுவாக ஓட்டி, நான்கு மணி நேரம் பதிந்தது. அந்நாட்டுக் கால்பந்தாட்டம் ஒன்று முழுவதும் அதில் அடங்கும். நாடா மெதுவாக நகர்ந்தால் பதிவுத் தடங்கள் குறுகும். தடம் குறுகினால் படத்தின் தெளிவும் குறையும். மக்கள் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. சோனியும் வேறு வழியின்றி வேகத்தைப் பாதியாக்கி இரண்டு மணி நேரம் தந்தது. தெளிவுக்குப் பெயர் பெற்ற பொறி, நேரத்துக்காகத் தெளிவையே ஓரளவு விட்டுக்கொடுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

மற்றொரு காரணமும் உண்டு. மட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, ஷார்ப் முதலிய பல நிறுவனங்கள் வி.எச்.எஸ். முறையைக் கைக்கொண்டன. செய்வோர் பெருகவே விலை இறங்கிற்று. எவ்வகைப் பொறி வீடுகளில் மிகுதியோ, அவ்வகை நாடாவையே வாடகைக் கடைக்காரர் மிகுதியாக வாங்கி அடுக்கினார். அந்த அடுக்கைப் பார்த்து அடுத்தவர் பொறி வாங்கினார். வயலில் ஒற்றையடிப் பாதை விழுவது இப்படித்தான். நாலு பேர் நடந்த இடத்திலேயே ஐந்தாமவரும் நடக்கிறார்.

எங்கள் ஊரில் எவரும் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஓர் இரவு வாடகைக்கு ‘டெக்’ எடுப்போம். அதில் ஓடும் கேசட்டுகளும் அதே கடையில் கிடைக்கும். தெருவே கூடி விடியும்வரை மூன்று படங்கள் பார்க்கும். கடைக்காரரின் அலமாரியே எங்களுக்காகத் தேர்ந்துவிட்டது. 1988இல் சோனியே வி.எச்.எஸ். பொறி செய்ய முற்பட்டது.

ஆர்.சி.ஏ.யின் மற்றொரு முயற்சியையும் சொல்லவேண்டும். 1981இல் அது, ஊசி ஓடும் படத்தட்டு ஒன்றை வெளியிட்டது. நாடாப் பொறியைவிட விலை மலிவு. ஆயினும் அதில் எதையும் பதிய இயலாது. 1984இல் அதனைக் கைவிட்டபோது ஏற்பட்ட நட்டம் ஏறத்தாழ 58 கோடி டாலர். பதிய இயலாமையே காரணம் என்று பலர் கூறுவர். எனக்கு அது பாதி விடையாகவே தோன்றுகிறது. ஏனெனில் 1996இல் ஜப்பானில் வெளிவந்த டி.வி.டி. தட்டிலும் முதலில் பதிய முடியவில்லை. அது உலகெங்கும் பரவிற்று. அதற்குள் படங்களை வாடகைக்கு எடுப்பதும் விலைக்கு வாங்குவதும் வழக்கமாகிவிட்டன. தட்டைப் பின்னோக்கிச் சுற்றவேண்டியதில்லை. வேண்டிய காட்சிக்கு நொடியில் தாவலாம். ஓட ஓடத் தேய்வதும் இல்லை.

2006இல் மீண்டும் ஒரு போட்டி. புளூ-ரே தட்டும் எச்.டி. டி.வி.டி. தட்டும் மோதின. 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய, பிப்ரவரியில் தோஷிபா தன் எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டது. எனினும் டி.வி.டி. நாடாவை விரட்டியதுபோல், வென்ற புளூ-ரே டி.வி.டி.யை விரட்டவில்லை. படம் மிகத் தெளிவாயிற்று. பார்க்கும் முறை பழையதே. இணையவழிப் படங்கள் வந்தபோது, தட்டே வேண்டாம் என்றனர் பலர்.

சென்ற மாதம் என் பேழையை, நாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பூஞ்சை படிந்திருக்கிறது, ஓட்டினால் அறுந்தாலும் அறுந்துவிடும் என்றார். என் தாயார் ஊஞ்சற் பாட்டுப் பாடியது அதில்தான் இருக்கிறது. ஓட்டச் சொல்வதா, வேண்டாமா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.