பிள்ளை படிக்கும் திட்டம் வயலுக்கும் வரட்டும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் பல விவசாயக் குடும்பங்களில் ஒரு பையனோ பெண்ணோ அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கிராம நிர்வாக அலுவலர் பணியிடங்களும் 2018-ல் நடந்த தேர்வு முதல் இதில்தான் சேர்ந்துள்ளன. மத்திய, மாநில அரசுகளின் புதிய திட்டங்களைப் பற்றி இத்தேர்வுகளில் கேள்விகள் வருவதால், திட்டத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, தொகை எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கும்.

ஆனால் அதே வீட்டு நிலத்தின் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி தவறிப்போயிருக்கும். திட்டம் புத்தகத்தில் இருந்து மார்க் வாங்கித் தருவது ஒரு பக்கம் இருக்கட்டும். அது வயலுக்கு வந்து சேர என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

நூறு மாவட்டங்களில் ஒன்று

மத்திய அரசு 2018 ஜனவரியில் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 112 மாவட்டங்கள் இதில் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். மருத்துவம், கல்வி, விவசாயமும் நீர்வளமும், வங்கிச் சேவையும் தொழிற்பயிற்சியும், அடிப்படை வசதிகள் என்று ஐந்து துறைகளில் மாவட்டத்தின் முன்னேற்றத்தை அளந்து பார்ப்பது இதன் முறை.

இதையே முன்மாதிரியாகக் கொண்டு, விவசாயத்துக்கென்றே வந்திருப்பது பிரதமரின் தன தானிய வேளாண் திட்டம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2025 அக்டோபர் 11 அன்று தொடங்கப்பட்டது. விளைச்சல் குறைவு, ஓராண்டில் சாகுபடிப் போகங்கள் குறைவு, விவசாயக் கடன் குறைவு என்ற மூன்றையும் பார்த்து 100 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி ஆகிய நான்கும் அவற்றில் அடங்கும். ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 24,000 கோடி ரூபாய் என்று கணக்கு.

இந்தத் தொகையைக் கேட்டதும் நமக்கு ஏதோ புதிய மானியம் வரப்போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 11 துறைகளில் ஏற்கெனவே நடந்துவரும் 36 திட்டங்களை ஒன்றாக இணைத்து, தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தகுதியுள்ள எல்லோருக்கும் கொண்டு சேர்ப்பதே இதன் நோக்கம். தனி விண்ணப்பமோ தனித் தொகையோ கிடையாது. பாசனம், கடன், சேமிப்புக் கிடங்கு, மாற்றுப் பயிர் எல்லாம் பழைய திட்டங்களின் வழியாகத்தான் வரும். ஆகவே, அந்தப் பழைய திட்டங்களில் நம் பெயர் இருந்தால்தான் புதிய திட்டத்தாலும் பயன். மாவட்ட அளவில் அமையும் குழுவில் முன்னோடி விவசாயிகளுக்கும் இடமுண்டு. கண்மாய் மடை, கிடங்கு, உலர்களம் போன்ற ஊர்த் தேவைகளை மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுத்து, மாவட்டத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம்.

ஆறாயிரம் ரூபாயும் பட்டாவும்

பிரதமரின் கிசான் சம்மான் நிதி 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கே வருகிறது. இதற்கு அடிப்படை, நிலம் விவசாயியின் பெயரில் இருப்பது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்தான் தகுதி பெறுவார். அதற்குப் பின் விலைக்கு வாங்கியவருக்குக் கிடையாது. உரிமையாளர் இறந்து, வாரிசு பெயருக்குப் பட்டா மாறியிருந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு. வருமான வரி கட்டுபவர்களும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர்களும் இதில் சேர முடியாது. குத்தகைக்கு உழுபவருக்கும் இந்தப் பணம் இல்லை.

தகுதி இருந்தும் பணம் நின்றுபோவதற்கு மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நிலப் பதிவேட்டில் பெயர் இல்லாதது. இரண்டு, வங்கிக் கணக்கு ஆதாருடன் இணையாதது. மூன்று, மின்னணு முறையில் அடையாளம் சரிபார்க்காதது. இப்போது நில விவரத்தையும் ஆதாரையும் சேர்த்து ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்த அடையாள எண் கொடுத்து வருகிறார்கள். இனி திட்டங்கள் இந்த எண்ணைக் கொண்டே நடக்கும் என்பதால், இதுவரை பதியாதவர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ உடனே பதிந்துகொள்வது நல்லது.

தகப்பனார் காலமாகி, அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பங்கு பிரித்து உழுதுவரும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். உழவுக்கு அது போதும். அரசாங்கக் கணக்குக்குப் போதாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப்பட்டா வாங்கிவிடலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்த பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் மனுக் கொடுக்கலாம். இந்த ஒரு வேலை முடிந்தால் மற்ற திட்டங்களில் பாதிக் கதவு திறந்துவிடும்.

பயிர்க் காப்பீடு: கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

வானம் பார்த்த பூமியான இம்மாவட்டத்துக்கு மிக முக்கியமானது பயிர்க் காப்பீடு. புழுதி விதைப்பாகப் போட்ட நெல், ஐப்பசி மழை பொய்த்தால் கருகும். கார்த்திகையில் கொட்டித் தீர்த்தால் மூழ்கும். இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடந்து வருகிறது. காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்ட வேண்டியது காரீப் பருவ உணவுப் பயிருக்கு 2 சதவீதம், நம் சம்பா நெல் அடங்கும் ராபி பருவத்துக்கு ஒன்றரை சதவீதம், மிளகாய் போன்ற தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை. அதாவது, "சங்கத்தில் கடன் வாங்கியிருக்கிறோம், தானாகவே பிடித்திருப்பார்கள்" என்று இருந்துவிடக் கூடாது. ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது? இங்கேதான் பலருக்கும் மனக்கசப்பு உண்டாகிறது. தனி ஒருவர் வயலைப் பார்த்து இழப்பீடு கொடுப்பதில்லை. நெல்லுக்குப் பெரும்பாலும் வருவாய்க் கிராமம் ஒரு அலகு. அந்தக் கிராமத்தில் சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்த ஆண்டின் சராசரி விளைச்சலைக் காண்கிறார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நல்ல விளைச்சல் கண்ட 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் நிர்ணயித்த சதவீதத்தை "உத்தரவாத விளைச்சல்" என்று வைக்கிறார்கள். இந்த ஆண்டு விளைச்சல் அதற்கு எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்தில் கிராமத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு.

ஓர் உதாரணக் கணக்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டுவது 300 ரூபாய். உத்தரவாத விளைச்சல் 1,000 கிலோ, இந்த ஆண்டு கிராமச் சராசரி 600 கிலோ என்றால் குறைவு 40 சதவீதம். ஏக்கருக்கு 8,000 ரூபாய் கிடைக்கும். கிராமச் சராசரி 1,000 கிலோவைத் தாண்டிவிட்டால், கடைமடையில் உங்கள் வயல் மட்டும் காய்ந்திருந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

ஆகையால், பரிசோதனைக்கு எந்த வயல் தேர்வாகியிருக்கிறது, என்றைக்கு அறுவடை என்பதை ஊரார் கேட்டறிந்து அன்றைக்குக் களத்தில் நிற்க வேண்டும். கண்மாய்க்கு அருகில் உள்ள வயல்களும் கடைமடை வயல்களும் ஒரே வருவாய்க் கிராமத்தில் இருக்கும் ஊர்களில் இது இன்னும் அவசியம். அளக்கும் நாளில் ஊரில் ஆளில்லாமல், பிறகு குறைதீர்க்கும் கூட்டத்தில் முறையிடுவதால் பயன் குறைவு.

தனி வயலுக்கு இழப்பீடு உண்டு என்ற நிலை சில சந்தர்ப்பங்களில் மட்டுமே. ஆலங்கட்டி மழை, மேக வெடிப்பு, மின்னலால் தீ ஆகியவற்றால் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுத்துக் களத்தில் உலர்த்தப் பரப்பிய கதிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையில் நனைந்து கெட்டாலும் அதே 72 மணி நேரம்தான் கெடு. தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண் 14447. நெல் வயலில் வெள்ளம் தேங்கிச் சேதமாவது 2018-ல் இந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அதை மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குகளால் ஏற்படும் சேதத்தையும் சேர்ப்பதாகவும் 2025 நவம்பர் 18 அன்று மத்திய அரசு அறிவித்தது. 2026 காரீப் பருவம் முதல் இது நடைமுறை என்றும் கூறியது. காட்டுப்பன்றியால் அவதிப்படும் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பகுதி விவசாயிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விலங்குச் சேதத்துக்கு மாவட்டத்தையும் விலங்கையும் மாநில அரசு அறிவிக்கை செய்ய வேண்டும் என்பதால், நம் வட்டாரம் அதில் உள்ளதா என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெளிவது முறை.

மழையில்லாமல் விதைக்கவே முடியாமல் போனாலும் வழியுண்டு. அலகில் முக்கால் பங்குக்கு மேல் விதைப்பு இல்லை என்று அறிவித்தால், காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு கிடைக்கும். அந்தப் பருவக் காப்பீடு அத்தோடு முடியும்.

சம்பா நெல்லுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டுகளில் நீட்டித்ததுண்டு. நீட்டிப்பார்கள் என்று காத்திருப்பது சரியல்ல. சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவை தேவை. குத்தகைதாரரும் வாரதாரரும் இதில் சேரலாம் என்பதை மறக்க வேண்டாம். சர்வே எண்ணும் பயிரும் வங்கிக் கணக்கு எண்ணும் ரசீதில் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் இழப்பீடு வந்து சேராது.

கடனும் சொட்டுநீரும்

தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. வங்கிகளில் கிசான் அட்டைக் கடனுக்கு 7 சதவீத வட்டி. கெடு தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம். ஈடு இல்லாமல் கடன் தரும் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய். ஆடு, மாடு வளர்ப்போரும் மீனவர்களும் இந்த அட்டை பெறலாம். வெளியில் வட்டிக்கு வாங்கி மிளகாய் போடுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிணறோ ஆழ்குழாயோ உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் உண்டு. 5 ஏக்கர் வரை உள்ளவர்கள் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற்றுத் தோட்டக்கலைத் துறையில் விண்ணப்பிக்கலாம்.

குண்டு மிளகாயும் சித்திரைக்காரும்

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-லும், இராமநாதபுரம் சித்திரைக்கார் அரிசிக்கு 2025-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது ஒரு வரி விடை. பயிரிடுபவர்களுக்கு அத்தோடு முடியவில்லை. குறியீடு கிடைத்ததால் மட்டும் சந்தையில் விலை ஏறிவிடாது. அந்த முத்திரையைப் போட்டு விற்க, விளைவிப்பவர் அல்லது அவர் சார்ந்த உற்பத்தியாளர் குழு அனுமதி பெற்ற பயனாளியாகப் பதிந்திருக்க வேண்டும். வேறு ரகக் காயைக் கலக்காமல் தரம் பிரித்து விற்க வேண்டும். பரமக்குடி அருகே எட்டிவயலில் மிளகாய்க்கென்றே வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் உள்ளன. காய்ப்பு மிகுந்து விலை சரியும்போது இருப்பு வைத்து விற்க இவை உதவும்.

கடற்கரை ஊர்களில்

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கம் நிலம் மணற்பாங்கு. பல குடும்பங்களுக்குக் கடலே வயல். மூங்கில் தெப்பங்களில் பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் தெப்பம் அமைக்கப் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் வகுக்கப்பட்டது. திருவாடானை வட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. விவரங்களை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

படிக்கும் பிள்ளைகளுக்கு

படிக்கும் பிள்ளைகளுக்கும் திட்டங்கள் உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குப் படிப்பவர்களில் 1,000 பேரைத் தனித் தேர்வு வைத்து எடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு மாநில அரசு நான் முதல்வன் திட்டத்தில் வழங்கத் தொடங்கியது 2023-ல்.

அரசு தரும் இந்த உதவியைப் பெறும் பிள்ளைகள் வீட்டுக்கும் ஊருக்கும் ஒரு கைம்மாறு செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, தங்கள் வீட்டுப் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு ஐந்திலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்று சரிபார்க்கட்டும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் காகிதங்களைப் பார்க்கட்டும். இன்று அடங்கலைப் படிக்கத் தெரிந்துகொள்ளும் பிள்ளை நாளைக்கு அடங்கல் எழுதும் அலுவலராகவே வரக்கூடும். அப்போது விவசாயி எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பருவப்படி செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசி: ஜமாபந்தி அறிவிப்பைக் கவனித்துப் பட்டா மாறுதல் மனுக் கொடுக்கவும்.

ஆடி, ஆவணி: விவசாயி அடையாள எண், வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்துச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு எழுதிக் கொடுக்கவும்.

புரட்டாசி, ஐப்பசி: நெல் விதைத்ததும் அடங்கல் வாங்கி, ஐப்பசி முடிவதற்குள் காப்பீடு செய்யவும்.

மார்கழி, தை: பயிர் அறுவடைப் பரிசோதனை நாளைக் கேட்டறிந்து ஊரார் உடனிருக்கவும்.

ரசீதுகளை ஒரு பையில் போட்டு, கரையான் ஏறாத இடத்தில் வைக்கவும். இழப்பீடு கேட்கும் நாளில் அவையே ஆதாரம்.