ஐந்தாம் ஃப்ரெட்டில் பன்னிரண்டு இடங்கள்

சென்ற வாரம் பன்னிரண்டு பார் ப்ளூஸின் சுற்றைப் பழகினோம். ஏ கார்டில் நான்கு பார், டி-யில் இரண்டு, மறுபடி ஏ-யில் இரண்டு, பிறகு ஈ ஒன்று, டி ஒன்று, கடைசி இரண்டு பாருக்கு ஏ. மூன்றுமே செவன்த் கார்டுகள். அதை மெதுவான தாளத்தில் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று அதன்மேல் லீட் வாசிக்க உட்காருகிறோம்.

இடது கை ஆள்காட்டி விரல் ஐந்தாம் ஃப்ரெட்டில் இருக்கட்டும். தடித்த ஆறாம் தந்தியில் ஐந்து, எட்டு. ஐந்தாம், நான்காம், மூன்றாம் தந்திகளில் ஐந்து, ஏழு. இரண்டாவதிலும் முதலாவதிலும் திரும்பவும் ஐந்து, எட்டு. தந்திக்கு இரண்டாக மொத்தம் பன்னிரண்டு இடங்கள். கிட்டார்காரர்கள் இதை முதல் பாக்ஸ் என்பார்கள். பன்னிரண்டு இடங்களிலும் ஒலிப்பவை ஐந்தே ஸ்வரங்கள்: ஏ, சி, டி, ஈ, ஜி. ஏ-யை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். ஸ, க, ம, ப, நி என்று சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள் வந்து நிற்கும். ராகம் வேறு, ப்ளூஸ் வேறு, பிடிகளும் வேறு. ஆனாலும் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ஐந்தும் அந்நியமில்லை.

இந்த வடிவத்தை அப்படியே மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் ஜி, எட்டாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் சி. விரல் மாறாது, கைதான் நகரும். வடிவங்களாகக் கற்பது கிட்டாரில் இவ்வளவு இயல்பாக வருவதற்கு இதுதான் காரணம். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கை பழகிவிட்டால் காது வேலையை நிறுத்திவிடும். நான் தொடங்கிய காலத்தில் ஐந்து பாக்ஸையும் மனப்பாடம் செய்து, கழுத்தின் அடியிலிருந்து நுனிவரை ஓடக் கற்றேன். ஒரு வரிகூடப் பாட்டாக வரவில்லை. எந்த ஸ்வரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் தந்தி, ஐந்தாம் ஃப்ரெட்: சி. பின்னால் ஏ செவன்த் ஒலிக்கும்போது இதை மீட்டுங்கள். அந்தக் கார்டுக்குள் இருப்பது சி ஷார்ப். உங்கள் சி அதோடு உரசும். இப்போது தந்தியை மிக லேசாக வளையுங்கள். சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை, நடுவில் ஓர் இடம். பியானோவின் கட்டைகளுக்கு இடையில் ஒளிந்திருக்கும் அந்த இடத்தில்தான் ப்ளூஸ் குடியிருக்கிறது. ஐந்தாவது பாரில் டி செவன்த் வருகிறது. அதே சி, அதே விரல். ஆனால் டி செவன்த்துக்குள் சி ஏற்கெனவே இருப்பதால் உரசல் அடங்கிப் பொருந்திக்கொள்ளும். காகிதத்தில் வரைந்த பாக்ஸ் படத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. கார்டை ஓடவிட்டுக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது பெண்ட். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைத் தொடுவது போலத்தான். மூன்றாம் தந்தி ஏழாம் ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து, பின்னால் மற்ற இரண்டு விரல்களையும் துணைக்குக் கொடுங்கள். விரலால் தள்ளாமல் மணிக்கட்டைத் திருப்பி வளையுங்கள். டி மேலேறி ஈ ஆக வேண்டும். ஆனதா என்று சரிபார்க்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது: இரண்டாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட் ஈ-தான். முதலில் அதை மீட்டிக் கேளுங்கள், பிறகு வளையுங்கள். தினமும் பத்து நிமிடம் இது ஒன்றையே செய்தாலும் வீணில்லை. சுருதி சேராத பெண்ட்டை எந்த வேகமும் காப்பாற்றாது.

ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்கிடம் வருகிறேன். மெம்பிஸில் அவரைத் தன்னோடு தங்கவைத்த உறவினர் புக்கா வைட், ஸ்லைடு வாசிப்பில் பெரிய கை. அந்த ஸ்லைடு பி.பி. கிங்குக்கு வசப்படவில்லை. அதன் நடுக்கத்தைத் தன் இடது கை விரலாலேயே கொண்டுவர முயன்றதில் பிறந்தது அவருடைய வைப்ராட்டோ. ஏ ஸ்கேலில் அவருக்குப் பிடித்த இடம் பத்தாம் ஃப்ரெட் பக்கம். இரண்டாம் தந்தி பத்தில் ஆள்காட்டி விரல், அது ஏ. பன்னிரண்டில் இருக்கும் பி-யை அரை ஸ்வரம் வளைத்தால் சி, முழு ஸ்வரம் வளைத்தால் சி ஷார்ப். சோகமும் மகிழ்ச்சியும் ஒரே விரலடியில். உள்ளங்கை அகலமே உள்ள அந்த மூலையை இன்று பி.பி. பாக்ஸ் என்றே அழைக்கிறார்கள். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவான அவருடைய கச்சேரியைக் கேளுங்கள். குரல் ஒரு வரி பாடும், கிட்டார் பதில் சொல்லும். பாடும்போது அவர் வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை.

ஆல்பர்ட் கிங் இன்னும் வியப்பு. இடது கைக்காரர். வலது கைக்காரர்களின் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே கவிழ்த்துப் பிடித்தவர். மெல்லிய தந்திகள் அவருக்கு மேலே இருந்தன. நாம் மேலே தள்ளி வளைப்பதை அவர் தரையை நோக்கி இழுத்து வளைத்தார். நம் பாக்ஸ் படங்கள் எல்லாமே அவருக்குத் தலைகீழ். ஆனாலும் 1967-இல் வந்த பார்ன் அண்டர் எ பேட் சைன் ஆல்பத்தில் அவர் வளைத்த ஸ்வரங்களைத்தான் அதற்குப் பின் வந்த ராக் கிட்டார்காரர்கள் தேடித்தேடிப் படித்தார்கள்.

மற்ற நான்கு பாக்ஸ்களும் வேண்டும்தான். அவை இதே ஐந்து ஸ்வரங்களை வேறு வேறு இடங்களிலிருந்து பிடிப்பவை. ஒன்றின் வலது ஓரமே அடுத்ததன் இடது ஓரம். அவற்றுக்கு அவசரமில்லை.

இந்த வாரப் பயிற்சிக்கு மூன்றே இடங்கள். நான்காம் தந்தி ஏழு, மூன்றாம் தந்தி ஐந்து, ஏழு. அதாவது ஏ, சி, டி. பதிந்த சுற்றை ஓடவிட்டு, முதல் இரண்டு பாருக்கு ஏதாவது ஒரு வரியை வாய்விட்டு முனகுங்கள். அடுத்த இரண்டு பாரில் இந்த மூன்று ஸ்வரங்களால் அதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் சீக்கிரம் முடிந்துவிட்டால் மிச்ச நேரத்தைக் காலியாகவே விடுங்கள், நிரப்ப வேண்டாம். ஏ கார்டில் சொல்லும் பதில் ஏ-யில் முடியட்டும். டி கார்டு வரும்போது டி-யில் முடித்துப் பாருங்கள்.

(தொடரும்)