பக்கம் பிரிக்கலாம் வாங்க

ஜெர்மனியில குளிர்கால செமஸ்டர் தொடங்குறது அக்டோபர்லதான். ஆனா ரூம் தேடும் படலம் கோடையிலயே ஆரம்பிச்சிடும். எங்க ஊர்ல காலியா இருக்கற ரூம்களைப் பட்டியல் போட, நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் பண்ணிட்டு இருக்கோம். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும்தான். 237 ரூமையும் ஒரே பக்கத்துல கொட்டினா பாக்கறவங்க கட்டைவிரல் தேஞ்சிடும். அதனால பக்கம் பிரிக்கற வேலை என் தலையில.

கணக்கு ரொம்ப சிம்பிள். பக்கத்துக்கு 10 ரூம். பக்க எண்ணுல 1-ஐக் கழிச்சு 10-ஆல பெருக்குங்க. அத்தனை ரூமைத் தாண்டி அடுத்த 10-ஐ எடுக்கணும். மூணாம் பக்கம்னா ஆஃப்செட் 20, லிமிட் 10. மொத்தப் பக்கம்? 237-ஐ 10-ஆல வகுத்து, மிச்சத்துக்கு ஒரு பக்கம் சேத்தா 24.

மறக்கக்கூடாதது ரெண்டு. ஒண்ணு, ஆர்டர் பை. அது இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில தரணும்னு டேட்டாபேஸுக்குக் கட்டாயம் கிடையாது. தேதி மட்டும் போதாது. ஒரே தேதியில நாலு ரூம் வந்தா குழப்பம். கூடவே ஐடியையும் சேருங்க. ரெண்டு, முகவரியில மைனஸ் 5-னு அடிச்சுப் பாக்கற புண்ணியவான்கள் உண்டு. வந்ததை முழு எண்ணா மாத்தி, 1-க்குக் கீழ போனா 1-னு வச்சிடுங்க.

இப்பதான் நிஜமான சிக்கல். ஒரு ஜூனியர் முதல் பக்கத்தைப் படிச்சிட்டு இருக்கான். அதுக்குள்ள அந்தப் பக்கத்துல ஒரு ரூம் போயிடுச்சுன்னு யாரோ நீக்கிடறாங்க. 11-ஆவது ரூம் 10-ஆவது இடத்துக்கு ஏறிடும். நம்மாளு 'அடுத்த பக்கம்' அழுத்தினா பழைய 12-லேர்ந்துதான் வரும். அந்த 11-ஆவது ரூம் அவன் கண்ணுலயே படாது. அவன் பட்ஜெட்டுக்கு ஒத்து வர்ற ஒரே ரூம் அதுவா இருந்தா?

தீர்வு இருக்கு. புது ரூம் மேல வர்ற மாதிரி ஐடியை இறங்குவரிசையில அடுக்கி, கடைசியா காட்டின ரூமோட ஐடியை 'அடுத்து' லிங்க்ல அனுப்புங்க. அதைவிடச் சின்ன ஐடி உள்ள 10 ரூம் குடுன்னு கேளுங்க. மேல எதை நீக்கினாலும் இடம் பிசகாது. வேகமும் கூடும்: ஆஃப்செட் 50,000-னா அத்தனையையும் டேட்டாபேஸ் கடந்துதான் வரணும், இதுல இன்டெக்ஸ் வழியா நேரா போயிடும். ஒரே குறை, 17-ஆம் பக்கத்துக்கு நேராத் தாவ முடியாது. ரூம் தேடறவன் எவன் அங்க தாவுறான், சொல்லுங்க? :-)

அதிகம் மாறாத சின்னப் பட்டியலுக்கு ஆஃப்செட்டே தாராளம். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுறதுன்னா ஐடியைப் பிடிச்சுக்கோங்க.