ஆஸ்திரேலிய உறவும் நம் கடைக் கொண்டைக்கடலையும்

நட்புறவு ஒப்பந்தம், கூட்டுக் கடற்படைப் பயிற்சி என்று செய்தி வந்தால் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மளிகைக் கடைக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம்தான். ஆனால் இந்திய – ஆஸ்திரேலிய உறவை அப்படி விட்டுவிட முடியாது. மண்டிகளுக்கு வரும் கொண்டைக்கடலையிலும் மைசூர் பருப்பிலும் ஒரு பகுதி அங்கிருந்து கப்பலேறி வருவது. (பெயரில்தான் மைசூர்!)

இந்த உறவே வியாபாரத்தில் தொடங்கியதுதான். சிட்னியில் இந்திய வர்த்தக அலுவலகம் 1941-ல் திறக்கப்பட்டது. தூதர்கள் அமர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. இரண்டும் மக்களாட்சி நாடுகள், காமன்வெல்த் உறுப்பினர்கள், கிரிக்கெட் பித்தர்கள். ஆயினும் அவர்கள் அமெரிக்க அணியிலும் நாம் அணிசேராமலும் இருந்ததால் நெருக்கம் வளரவில்லை. 1998 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் ஆஸ்திரேலியா தன் தூதரைத் திரும்ப அழைத்து, ராணுவத் தொடர்புகளையும் நிறுத்திவிட்டது. 2000-ல் அந்நாட்டுப் பிரதமர் ஜான் ஹோவர்டு இந்தியா வந்த பிறகே நிலைமை சீராகத் தொடங்கியது. யுரேனியம் தரவே மாட்டோம் என்றிருந்தவர்கள் 2014-ல் அதற்கும் கையெழுத்திட்டார்கள்.

2020 திருப்புமுனை ஆண்டு. எல்லையில் கல்வான் மோதலால் நமக்குச் சீனாவுடன் பகை முற்றியது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய பார்லிக்குச் சீனா 80 சதவிகிதத்துக்கு மேல் வரி போட்டது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி இருந்த கடைக்காரர், அவர் திடீரென்று முகம் திருப்பினால் என்ன செய்வார்? வேறு வாடிக்கையாளரைத் தேடுவார். ஜூனில், ஒருவர் ராணுவத் தளத்தில் மற்றவர் எரிபொருளும் பழுதுபார்க்கும் வசதியும் பெறும் உடன்பாடு ஏற்பட்டது. நவம்பரில் மலபார் கடற்படைப் பயிற்சியில் ஆஸ்திரேலியக் கப்பல் சேர்ந்தது. வர்த்தக ஒப்பந்தம் 2022 ஏப்ரல் 2-ல் கையெழுத்தாகி, டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்தது.

அதன்படி நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கிருந்த 5 சதவிகித வரி நீங்கியது. திருப்பூருக்கு நல்ல செய்தி. மைசூர் பருப்புக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன் வரை பாதி வரிச் சலுகை தந்தோம். ஆனால் அப்போது அந்தப் பருப்புக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் பாதி குறைத்து என்ன பயன்? கோதுமை, அரிசி, சர்க்கரை, பால் பொருட்கள், கொண்டைக்கடலை ஆகியவை சலுகையில் சேரவில்லை. நம் விவசாயிகளை உத்தேசித்து அரசு செய்தது சரியே என்பது நம் கருத்து.

ஆனால் கடலை வியாபாரி அறிய வேண்டியது இதுதான்: கடலைக்கு ஒப்பந்தப் பாதுகாப்பு இல்லை. டில்லி நினைத்த அன்று வரியை ஏற்றலாம், இறக்கலாம். உள்நாட்டில் அமோக விளைச்சலால் விலை சரிந்தபோது, 2017 டிசம்பரில் 30 சதவிகித வரி வந்தது. குவீன்ஸ்லாந்தில் அறுவடை முடிந்து சரக்கு கடலில் வந்துகொண்டிருந்த நேரம் அது! 2018 மார்ச்சுக்குள் வரி 60 சதவிகிதம் ஆயிற்று. அங்கே விவசாயிகள் கடலைச் சாகுபடியையே குறைத்துக்கொண்டனர்.

பிறகு 2024-ல் இங்கே விளைச்சல் குறைந்து விலை ஏறியது. மே மாதத்தில் வரி முழுவதும் நீக்கப்பட்டது. அது அங்கே விதைப்புக் காலம். செய்தி கேட்டு ஏராளமாக விதைத்தார்கள். இங்கே ஜூன் 21 முதல் இருப்பு வரம்பும் வந்தது: மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். விலை ஏறும் என்று நம்பிச் சரக்கை முடக்கியவர்கள் இரண்டு பக்கமும் இடிபட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கடலைக்கு மீண்டும் 10 சதவிகித வரி.

நம் கடலை அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அவர்களுடையது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே தீபாவளிக்குப் பின் கொள்முதல் செய்வோர் நம் மண்டி நிலவரத்தோடு ஆஸ்திரேலிய அறுவடைச் செய்தியையும், சுங்க வரி அறிவிப்பையும் சேர்த்தே பார்த்துச் சரக்குக் கட்ட வேண்டும்.