தெளிவாக எழுதப் பழகுதல்

ஒரகடத்து ஆலையொன்றில் இரவுப் பணி முடித்துச் செல்லும் தொழிலாளி, காலையில் வருபவருக்காகக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவைத்துச் செல்கிறார் என்று கொள்வோம். அவர் எழுதிய 7, வந்தவர் கண்ணுக்கு 1 ஆகத் தோன்றினால் இயந்திரத்தின் கதி என்ன? எழுதியவரோ வீட்டில் உறங்குகிறார். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கணிப்பொறிகள் நிறைந்துவிட்ட இந்நாளிலும் கைக்குறிப்பு முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆகவே நல்ல கையெழுத்தை வெறும் அழகுக் கலை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலை விரித்துரைக்கின்றன. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனையே வாசிக்க வேண்டும். பலர் கண்ணுக்கும் ஒரே பெயராகத் தெரியும்படி எழுதப்படாவிடில் அத்தேர்தல் என்னாவது!

ஓலையில் எழுதுவது எளிதன்று. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்றஞ்சிப் புள்ளியையே விட்டுவிட்டனர். தொல்காப்பியர் காலத்தில் குறில் எகரம் புள்ளி பெறும், நெடில் பெறாது. புள்ளி போகவே, எரியும் ஏரியும் ஒன்றாயின! செம்பரம்பாக்கம் ஏரியைக் குறித்தெழுதியதை நெருப்பு என்று படிக்க இடமுண்டாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குக் காலிழுத்தும், கொம்பைச் சுழித்தும் இக்குழப்பத்தைத் தீர்த்தார். அவர் இட்ட அச்சுழியை நாம் அவசரத்தில் விழுங்கிவிட்டால் 'கேடு' என்பது 'கெடு' ஆகிவிடும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இரட்டைக்கோட்டு நோட்டும் கூரிய பென்சிலும் போதும். நிமிர்ந்து அமருங்கள். பென்சிலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி, நடுவிரலின் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். இறுக்கிப் பிடிப்பவர் கை அரைப்பக்கத்திலேயே வலிக்கும். தேர்வில் முதற்பக்கம் முத்தாகவும் கடைசிப் பக்கம் கிறுக்கலாகவும் அமைவதற்குப் பெரும்பாலும் இப்பிடியே காரணம்.

நேர்கோட்டு எழுத்துக்களாகிய ட, ப, ம என்பவற்றில் தொடங்குங்கள். அவற்றின் உடல் இரு கோடுகளையும் தொட்டு ஒரே உயரமாக நிற்கட்டும். பிறகு வளைவுகள்; கடைசியாகச் சுழிகள். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று சொல்லிக்கொண்டே எழுதுவது நல்லது. ஒரு சுழி குறைந்தால் 'பணி' பனியாக உருகிவிடும்! ரகரத்தின் அடியில் சாய்கோடு இடத் தவறினால் அது துணைக்காலாகிவிடும். சொல்லுக்குச் சொல் ஓர் எழுத்தளவு இடைவெளி விடுங்கள். வேகத்தை முதல் மாதத்தில் நாடவே வேண்டா.

தாத்தா பாட்டியர் கடிதங்களில் லை, னை முதலியன துதிக்கையுடன் வேறு உருவில் இருக்கக் காணலாம். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய வழக்கு அது, பிழையன்று.

நாள்தோறும் கால்மணி நேரம் எழுதி, அப்பக்கத்தைத் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கும் எழுத்தின் கீழ்க் கோடிட்டு, மறுநாள் அவ்வெழுத்தை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள்.